20 மில்லிசீவேர்ட் என்று யார் சொன்னது? சர்வதேசக் கதிர்வீச்சுப் பரிந்துரைகளின் மீளாய்வு பற்றி

வேப்பமர நிழல்:

அடுத்த மாதம் ஒரு சின்னப் பயிற்சி வகுப்பில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றிப் பேச ஒத்துக்கொண்டுவிட்டேன். ஒத்துக்கொண்டபோது லேசாகத்தான் தெரிந்தது. பழைய சிலைடுகள் இருக்கின்றன: வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), பொதுமக்களுக்கு 1, மூன்று கோட்பாடுகள், ஈய ஏப்ரன் படம், நன்றி, வணக்கம். இந்த முறை புத்தி பேதலித்து மூல ஆவணத்தையே எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். அதில் பிடித்த சனி இன்னும் விடவில்லை.

தெரியாதவர்களுக்காக: இந்த எண்களைச் சொல்வது ஐ.சி.ஆர்.பி. எனப்படும் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு. 1928இல் ஸ்ரொக்ஹோமில் கதிரியல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் பிறந்தது. ஐ.நா. அமைப்பு அல்ல, எந்த அரசாங்கத்துடையதும் அல்ல, இங்கிலாந்தில் பதிவான ஓர் அறநிலையம். யாருக்கும் உத்தரவு போட அதற்கு அதிகாரம் கிடையாது. ஆனால் அது சொல்லும் எண் வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பாதுகாப்பு நியமங்களுக்குள் போகும், அங்கிருந்து நாடுகளின் சட்டங்களுக்குள் போகும். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் ஓர் ஒழுங்குபடுத்தும் பேரவையை அமைத்தது. கடைசியில் அந்த எண் இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு எக்ஸ்றே அறைக் கதவு வரை வந்து நிற்கிறது.

இப்போது நடப்பில் இருப்பது 2007இன் பொதுப் பரிந்துரை, 103ஆம் வெளியீடு. போன தடவை 2004இலும் 2006இலும் வரைவை வெளியே வைத்துக் கருத்துக் கேட்டார்கள். நாடுகளின் நிபுணர் குழுக்கள் பந்தி பந்தியாகக் கிழித்தன. பிறகு 2007 மார்ச்சில் எஸ்ஸென் நகரில் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்ததற்கான மீளாய்வை 2021இல் தொடங்கினார்கள், எதை மாற்ற வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டார்கள்.

என் கேள்வி இதுதான். அந்த எண்களில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு மேசையைச் சுற்றி இருந்து எடுத்த முடிவு? வகுப்பில் ஒருவர் எழுந்து கேட்டால் நேர்மையாக என்ன சொல்வது?


பௌதிக வாத்தி:

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால் பாதிக்கு மேல் பயம். நான் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கருப் பௌதிகம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்கிறேன். எவ்வளவு சிறிய கதிர்வீச்சும் அதற்குரிய சிறிய ஆபத்தைத் தரும், பூச்சியம்வரை நேர்கோடு, இடையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை, இதுதானே அவர்கள் அடித்தளம். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மொனசைட் இருக்கிறது. அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியான ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட்டின் பல மடங்கு. ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்டார்கள், புற்றுநோய் கூடவில்லை. அவ்வளவு தூரம் ஏன், நம் புல்மோட்டையிலும் அதே வகைக் கனிம மணல்தான்.

நம் முன்னோர் ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று. அதாவது ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே நஞ்சு இல்லை.


எக்ஸ்றே அக்கா:

தம்பி வாத்தி, அமுதம் என்றால் அது முதலில் நன்மை செய்யும் பொருள், அதனால்தான் அதற்கு அளவு பார்த்தார்கள். சும்மா நின்ற ஒருவரின் உடம்பில் எக்ஸ்றே விழுந்தால் அவருக்கு என்ன நன்மை? நஞ்சைப் பற்றிப் பழமொழி எடுக்க வேண்டும் என்றால் வேறு தேடுங்கள்.

நான் 22 வருடமாகப் படம் எடுக்கிறவள். கோடு நேராகப் போகிறதா வளைந்து போகிறதா என்பது எனக்கு இரண்டாவது சோலி. முதலாவது சோலி, அளக்கிறோமா என்பது. முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒரு டொக்டர் இருந்தார். எக்ஸ்றே ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று நோயாளியின் உடம்புக்குள் குழாய் விடும் வேலை செய்கிறவர், நாளுக்கு ஐந்தாறு நோயாளிகள். அவர் வாங்கிய கதிரை அளக்கச் சட்டையில் குத்தும் பட்ஜ் ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் போய்ச் சுத்தமாகத் திரும்பி வரும், எங்கள் எல்லோரையும்விடக் குறைந்த அளவு. ஒருநாள் பேனை தேடி அவருடைய மேசை லாச்சியைத் திறந்தேன், பட்ஜ் உள்ளே பத்திரமாகப் படுத்திருந்தது. கேட்டால், அளவு கூடினால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், வாட்டில் இருக்கிற சனத்தை யார் பார்ப்பது என்றார். கோபமும் வந்தது, அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததும் விளங்கியது. 20 என்று ஸ்ரொக்ஹோமில் பிறந்தவர்கள் எழுதலாம், லாச்சிக்குள் கிடக்கும் பட்ஜுக்கு 20உம் ஒன்றுதான் 200உம் ஒன்றுதான்.


வேப்பமர நிழல்:

அக்கா, லாச்சிக் கதையை வகுப்பில் சொல்ல அனுமதி தாருங்கள், இடம் சொல்லமாட்டேன்.

வாத்திக்கு. கேரள ஆய்வு உண்மை, நீங்கள் சொன்ன முடிவும் உண்மை. ஆனால் மறுபக்கத் தட்டிலும் இருக்கிறது. பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா மூன்று நாடுகளின் அணுத்துறை வேலையாட்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல் பார்த்த ஆய்வின் புதிய முடிவு 2023இல் வந்தது. ஹிரோஷிமா மாதிரி ஒரே அடியாக வாங்கியவர்கள் அல்ல, வருடக்கணக்காகத் துளித்துளியாக வாங்கியவர்கள். அவர்களிலும் திடப் புற்றுநோயால் இறப்பு அளவோடு சேர்ந்து ஏறுகிறது, ஒரு கிரேக்கு (உடம்பு உறிஞ்சும் கதிரின் அலகு, எக்ஸ்றே மாதிரியான கதிருக்கு ஏறத்தாழ 1000 மில்லிசீவேர்ட்) ஏறத்தாழ 52 வீதம். ஒரு கிரே யாரும் வாங்குவதில்லை என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும், அந்தத் தொழிலாளர்களின் சராசரி அதில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு ஒன்று. 2005இல் பிரெஞ்சு விஞ்ஞான, மருத்துவக் கழகங்கள் சேர்ந்து, குறைந்த அளவில் இந்த நேர்கோட்டை நம்ப முடியாது என்று எழுதின. அதே வருடமே அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு, இருக்கும் சான்றுகளுக்கு நேர்கோடே பொருந்துகிறது என்று எழுதியது. இரண்டு பக்கமும் பெரிய தலைகள், கையில் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஆய்வுகள். ஐ.சி.ஆர்.பி.யும் நேர்கோட்டை நிரூபிக்கப்பட்ட உண்மை என்று சொல்லவில்லை. விவேகமான அடிப்படை என்கிறது, பாதுகாப்பு நடத்துவதற்குப் போதும் என்கிறது. நாங்கள்தான் அதைப் பாடப்புத்தக விதியாக்கிவிட்டோம்.

இன்னொன்று. அளவு குறைவாகவும் மெதுவாகவும் வந்தால் ஆபத்து பாதி என்று எடுத்துக்கொள்வார்கள், அதாவது ஹிரோஷிமாக் குண்டில் தப்பியவர்களைப் பார்த்துக் கிடைத்த ஆபத்து எண்ணை 2ஆல் வகுப்பார்கள். அந்த 2 எங்கிருந்து வந்தது என்று தேடினால், எலியும் உயிரணுவும் மனிதத் தரவும் சேர்த்துப் பார்த்து எடுத்த ஒரு தீர்ப்பு. 2014இல் ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு இந்த வகுத்தலே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றது. வகுத்தலை எடுத்தால் ஆபத்து மதிப்பீடு இரட்டிப்பாகும். இந்த ஓர் இலக்கத்துக்காகவே தனியாக ஒரு பணிக்குழு இருந்து உழைக்கிறது.


பௌதிக வாத்தி:

அப்போ நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், 2 என்பதும் 20 என்பதும் பேசி வைத்த எண்கள்.


வேப்பமர நிழல்:

பேசி வைத்ததுதான். அதில் வெட்கம் என்ன? பழைய கதையைக் கேளுங்கள். 1925இல் முட்ஷெல்லர் என்பவர், தோல் சிவக்கும் அளவில் நூறில் ஒரு பங்கை ஒரு மாதத்துக்கு அனுமதிக்கலாம் என்றார். ஏன் நூறில் ஒன்று? ஏன் எழுபதில் ஒன்று இல்லை? நல்ல கேள்வி, பதில் கிடையாது. 1934இல் சர்வதேசக் குழு நாளைக்கு 0.2 றொஞ்சன் என்றது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2 மில்லிசீவேர்ட். அதாவது இன்று ஒரு வருடத்துக்கு உள்ள அளவை அன்று பத்து நாளில் தாண்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 1950இல் வாரத்துக்கு 0.3 றொஞ்சன் ஆனது. ஐம்பதுகளின் கடைசியில் ஆண்டுக்கு 50 மில்லிசீவேர்ட் அளவுக்கு இறங்கியது. குண்டில் தப்பியவர்களின் அளவைத் திரும்பக் கணக்கிட்டு, அவர்களுக்கு வயதாக ஆகப் புற்றுநோய் எண்ணிக்கையும் தெரியவர, 1990இல் ஐந்து வருடச் சராசரி 20, எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக்கூடாது என்றார்கள். பொதுமக்களுக்கு 5 ஆக இருந்ததை 1985இல் 1 ஆக்கினார்கள்.

ஒவ்வொரு படிக்கும் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். ஹம்பேர்க்கில் 1936இல் எக்ஸ்றே, ரேடியத்தால் இறந்த மருத்துவப் பணியாளருக்கு ஒரு கல் எழுப்பினார்கள், முதலில் 169 பெயர். அந்தக் கல்லில் இடம் போதாமல் பிறகு பக்கத்தில் இன்னும் கற்கள் வைத்தார்கள். எண் பேசி வைத்ததுதான். பேசுகிற மேசையில் அந்தக் கல்லும் இருந்தது.


சும்மா வந்தவன்:

நான் கீரிமலைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று தேடி வந்தேன், இப்போது றொஞ்சன் வாசித்துக்கொண்டிருக்கிறேன். தொடருங்கள்.


ஸ்காபரோ குளிர்:

கனடாவில் பிக்கறிங் அணுமின் நிலையத்திலிருந்து பத்து கிலோமீற்றருக்குள் குடியிருக்கிறவன் என்ற தகுதியில் நானும் ஒன்று சொல்லலாமா. 2015இல் எங்கள் பகுதி வீடுகளுக்கு, விபத்து நடந்தால் தைரொயிட்டைக் காக்கும் அயடீன் குளிசையைத் தபாலில் அனுப்பினார்கள். மனைவி அதைச் சீரகப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. 2020 ஜனவரி 12, ஞாயிறு விடிய, எல்லாருடைய தொலைபேசியும் ஒன்றாகக் கத்தியது, பிக்கறிங்கில் ஒரு சம்பவம் என்று. பயிற்சிக்கு வைத்திருந்த செய்தியைத் தவறுதலாக அனுப்பிவிட்டார்களாம். பிழை என்று திருப்பி அறிவிக்க ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. அந்த நேரத்தில் என்னுடைய தலையில் மில்லிசீவேர்ட் ஒன்றும் ஓடவில்லை. குளிசையை எடுக்கவா விடவா, அம்மாவை எப்படிக் காரில் ஏற்றுவது, இதுதான்.

வாத்தி விரும்பும் செய்தி ஒன்றும் இருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஒரு நிர்வாக ஆணை போட்டு, அவர்களுடைய அணு ஒழுங்குபடுத்தும் ஆணையத்தை இந்த நேர்கோட்டு மாதிரியையும் நியாயமாக முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்ற கொள்கையையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னார். அதே ஆணையம் 2021இல், நேர்கோட்டைக் கைவிடு என்று வந்த மனுக்களை நிராகரித்தது. நான்கு வருடத்தில் உயிரணு மாறவில்லை. மின்சாரத் தேவை மாறியது, அவ்வளவுதான். வேலையாட்களுக்கு அவர்கள் இன்னமும் 50இலேயே நிற்கிறார்கள் என்பதும் ஒரு தகவல்.


பௌதிக வாத்தி:

அரசியல்வாதி சொன்னதால் ஒரு கருத்துப் பிழையாகிவிடாது. 🙂 ஆனால் நிபுணர் சொல்ல வேண்டியதை ஆணை போட்டுச் சொல்ல வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. அது வேறு.


மயிலிட்டிப் பெடியன்:

எல்லாரும் பெரிய ஆட்கள், நான் கடலுக்குப் போகும் குடும்பம், கேட்கலாமா? இந்த ஆணைக்குழுவை யார் தெரிவு செய்தது? நாங்கள் வாக்குப் போட்டோமா? எங்களுக்கு அந்தப் பக்கம் கூடங்குளம் இருக்கிறது, 2013இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே ஏதும் நடந்தால் மன்னார்க் கடலில் மீன் பிடிக்கிறவனுக்கு எத்தனை மில்லிசீவேர்ட் சரி என்று அவர்களா சொல்வார்கள்? புக்குஷிமாவில் பள்ளிக்கூட மைதானத்துக்கு 20 சரி என்று சொன்னார்களே, வேலை செய்கிற ஆம்பிளைக்கு 20, விளையாடுகிற பிள்ளைக்கும் 20. அது எந்த அறிவியல்?


எக்ஸ்றே அக்கா:

தம்பி, இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான். வேப்பமரம் பதில் சொல்லட்டும், நான் தேத்தண்ணி போட்டுவிட்டு வருகிறேன்.


வேப்பமர நிழல்:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். யாரும் தெரிவு செய்யவில்லை, அவர்களே அவர்களுக்குள் ஆள் சேர்க்கிறார்கள். இப்போது விண்ணப்பம் கோருகிறார்கள், வரைவுகளை இணையத்தில் போட்டு யாரும் கருத்து எழுதலாம் என்கிறார்கள், பழைய வெளியீடுகளை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனாலும் அந்த ஆவணங்கள் தமிழிலோ சிங்களத்திலோ இல்லை, மயிலிட்டியில் இருந்து ஒருவர் கருத்து எழுதப்போவதும் இல்லை.

20 விடயம். 2007இன் ஆவணம் நிலைமைகளை மூன்றாகப் பிரித்தது: திட்டமிட்டது, அவசரநிலை, ஏற்கனவே உள்ளது. எல்லை என்ற சொல் திட்டமிட்டதற்கு மட்டும். விபத்து நடந்துவிட்டால் எல்லை இல்லை, ஓர் இலக்கு அளவைத் தெரிவு செய்து அதற்குக் கீழே கொண்டுவரப் பாடுபட வேண்டும். அவசர வேளையில் 20 முதல் 100, அடங்கிய பிறகு 1 முதல் 20, நீண்டகாலத்தில் 1ஐ நோக்கி. கடதாசியில் நல்ல நியாயம். ஊரைக் காலி பண்ணுவதாலும் ஆட்கள் சாகிறார்கள், புக்குஷிமாவில் முதியோர் இல்லங்களில் இருந்து அவசரமாக ஏற்றப்பட்டவர்கள் செத்தார்கள். இடம்பெயர்வு என்றால் என்ன விலை என்று எங்கள் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஜப்பானில் அந்த 1 முதல் 20 வரையான பட்டையின் மேல் விளிம்பையே பள்ளி மைதானத்துக்கு எடுத்தார்கள். அரசுக்கு ஆலோசகராக இருந்த கொசாக்கோ என்ற பேராசிரியர் அதை ஏற்க முடியாது என்று 2011 ஏப்ரல் கடைசியில் கண்ணீரோடு பதவி விலகினார். அவரும் நிபுணர்தான். பிறகு எதிர்ப்பால், பள்ளியில் 1ஐ இலக்காக வைக்கிறோம் என்று அரசு இறங்கியது. ஆக பட்டை ஐ.சி.ஆர்.பி.யுடையது, பட்டையில் எந்த இடம் என்பது அந்த அரசின் முடிவு. ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டலாம். நான் மீளாய்வுக்கு ஒரு வரி எழுத முடிந்தால் இதைத்தான் எழுதுவேன்: பிள்ளைகளுக்குப் பட்டையில் எந்த இடம் என்று நீங்களே சொல்லுங்கள், எங்கள் தலையில் விடாதீர்கள்.


மயிலிட்டிப் பெடியன்:

அது விளங்குது. நன்றி அண்ணை. பதவி விலகினவருக்கு ஒரு கும்பிடு.


சும்மா வந்தவன்:

எல்லை, இலக்கு, பட்டை, இதெல்லாம் தமிழில் ஒழுங்கான சொல்லா இல்லை நீங்கள் போட்டதா?


வேப்பமர நிழல்:

நான் போட்டதுதான். ஆங்கிலத்தில் மூன்று சொல் இருக்கிறது, 2004, 2006 வரைவுகளின்போது நிபுணர்களே அந்த மூன்றையும் வைத்துக் குழம்பித் தள்ளினார்கள். முதலாவது எல்லை, தாண்டினால் குற்றம். இரண்டாவது திட்டமிடும்போதே ஒரு மூலத்துக்கு மட்டும் வைக்கும் உள்வேலி, அதை மட்டுப்பாடு என்று வைத்திருக்கிறேன். மூன்றாவது விபத்துக்கும் பழைய மாசுக்கும் உரிய இலக்கு அளவு. எங்கள் மொழிபெயர்ப்புகளில் மூன்றுக்கும் வரம்பு என்று போட்டுவிட்டுப் போவார்கள், வாசிக்கிறவன் வரம்பில் இடறி வயலில் விழுவான். உள்வேலி என்பதற்கு யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை, கிடுகு வேலியை அரை அடி உள்ளே தள்ளிப் போட்டால் பக்கத்து வளவுக்காரனோடு வழக்கு வராது.


ஸ்காபரோ குளிர்:

அரை அடி உள்ளே போட்ட யாழ்ப்பாணத்தானை நான் இன்னும் சந்திக்கவில்லை.


எக்ஸ்றே அக்கா:

😂 உண்மை.

தேத்தண்ணி முடிந்தது, இனி நான் கதைக்கிறேன். மேலே எல்லாரும் பெரிய படத்தைப் பார்க்கிறீர்கள். பரிந்துரை மாறும்போது எக்ஸ்றே அறைக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டு உதாரணம்.

ஒன்று, கண். நாங்கள் படித்தபோது கண்வில்லைக்கு ஆண்டுக்கு 150 என்று மனப்பாடம். 2011 ஏப்ரலில் சியோலில் கூடி ஒரே அறிக்கையில் அதை 20 ஆக்கினார்கள். வெண்புரை வரக் குறைந்தபட்சம் வேண்டும் என்று நினைத்த அளவு 0.5 கிரேக்கு இறங்கியதால் அப்படி. இதயத்துக்குக் குழாய் விடும் கதீட்டர் அறையில் நிற்கும் இதய மருத்துவர்கள், தாதிமார் ஆகியோரின் கண்களில் ஆரம்ப மங்கல்கள் தெரிந்தன, அதுவும் ஒரு காரணம். இது முழுக்க அறிவியலால் வந்த மாற்றம், நான் கைதட்டுகிறேன். ஆனால் அதற்குக் கூரையில் இருந்து தொங்கும் ஈயக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி இருந்தால் அதை இழுத்து முன்னால் விட ஒரு கை வேண்டும், கழுத்தளவில் ஏப்ரனுக்கு வெளியே இன்னொரு பட்ஜ் வேண்டும். ஒரு பட்ஜே லாச்சிக்குள் என்று மேலே சொன்னேன்.

இரண்டு, ஈயத்துண்டு. சின்னப் பிள்ளைக்கு இடுப்புப் படம் எடுக்கும்போது கீழே ஒரு ஈயத்துண்டு வைப்போம், பிறப்புறுப்பைக் காக்க. 15 வருடத்துக்கு மேல் ஒரு நாளும் தவறாமல் வைத்தேன். 1990இன் அட்டவணையில் பிறப்புறுப்புகளுக்கு எடைக்காரணி, அதாவது மொத்த ஆபத்தில் அந்த உறுப்புக்குக் கொடுக்கும் பங்கு, 0.20, 2007இல் 0.08. ஏனென்றால் ஹிரோஷிமாவில் தப்பியவர்களின் பிள்ளைகளில் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகக் கண்டுபிடிக்கவில்லை. மார்பகத்துக்கு மறுபக்கம், 0.05இல் இருந்து 0.12. பிறகு 2019இல் அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம் இந்தத் துண்டையே வழக்கமாக வைக்க வேண்டாம் என்றது. துண்டு சரியான இடத்தில் விழுவதில்லை, பார்க்க வேண்டிய எலும்பை மறைக்கிறது, திரும்ப எடுக்க வேண்டி வருகிறது. தன்னால் அளவைத் தீர்மானிக்கும் இயந்திரம் என்றால் ஈயத்தைக் கண்டு இன்னும் கூடக் கதிர் விடும். நான் செய்தது பாதுகாப்பு என்று நினைத்தேன், சில பிள்ளைகளுக்கு அது அளவைக் கூட்டியிருக்கலாம். இதை எழுதும்போதும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

இப்போது வைக்காமல் விட்டால் தாய்மார் சண்டைக்கு வருகிறார்கள், பிள்ளைக்கு ஏன் ஈயம் போடவில்லை என்று. அவர்களிடம் எடைக்காரணி மாறிவிட்டது என்றா சொல்வது?


இரண்டு பிள்ளைத்தாய்:

அந்தச் சண்டைக்கு வருகிற தாய் நான்தான் அக்கா. மூன்று நாளாக வாசிக்கிறேன், எழுதப் பயமாக இருந்தது.

என் சின்னவனுக்கு ஐந்து வயது. மதிலில் ஏறி மாங்காய் பிடுங்கப் போய்த் தலைகீழாக விழுந்தான், இரண்டு தரம் வாந்தி எடுத்தான். முதலில் போன இடத்தில் தலைக்கு சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள், பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கே முதல் படம் கையில் இல்லை என்று அதே இரவில் திரும்பவும் எடுத்தார்கள். கடவுளே என்று ஒன்றும் இல்லை, இப்போது திரும்பவும் மதிலில் ஏறுகிறான். ஆனால் ஓர் உறவுக்காரர் ஒரு ஸ்கான் நூறு எக்ஸ்றேக்குச் சமம், இருநூறு எக்ஸ்றே எடுத்த மாதிரி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.


பௌதிக வாத்தி:

அக்கா பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தலை ஸ்கான் 2 மில்லிசீவேர்ட் என்று வையுங்கள், இரண்டுக்கும் 4. புற்றுநோய் ஆபத்துக்கு ஐ.சி.ஆர்.பி.யின் எண் ஒரு சீவேர்ட்டுக்கு, அதாவது 1000 மில்லிசீவேர்ட்டுக்கு, 5.5 வீதம். பெருக்கினால் 0.022 வீதம், அதாவது பத்தாயிரத்தில் இரண்டு. மதிலால் விழுவதே இதைவிட...


எக்ஸ்றே அக்கா:

வாத்தி நிறுத்துங்கள்! நேர்கோடே பொய் என்று தொடங்கியவர் இப்போது அதே கோட்டை வைத்து ஒரு தாய்க்குக் கணக்குப் போடுகிறீர்கள். அதைவிட, அந்த 5.5 எல்லா வயதும், ஆண் பெண் எல்லாரும், பல நாட்டுச் சனமும் கலந்த சராசரி. இந்த ஒரு பிள்ளைக்கு இதுதான் ஆபத்து என்று சொல்ல அந்தக் கணக்கு வைக்கப்படவில்லை. ஐ.சி.ஆர்.பி.யே 2021இல் 147ஆம் வெளியீட்டில் இதற்குத்தான் ஒரு முழு விளக்கம் எழுதியது. தோராயமான குறிகாட்டியாகப் பாவிக்கலாம், தனி ஆளின் ஆபத்தாகப் பாவிக்க ஏலாது என்று.

தங்கச்சி, உங்களுக்கு நேரே சொல்கிறேன். தலை அடிபட்டு வாந்தி எடுத்த பிள்ளைக்கு முதல் ஸ்கான் நியாயமானதுதான். நானாக இருந்தாலும் எடுப்பேன். நோயாளிக்கு எல்லை என்று ஒன்று வைக்காததும் இதற்காகத்தான், தேவைப்பட்டால் தேவைப்பட்டதுதான். இரண்டாவது ஸ்கான்தான் என்னைக் குத்துகிறது. அது ஆபத்தால் அல்ல, படம் கூடவே வந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது என்பதால். நூறு எக்ஸ்றே என்பது நெஞ்சுப் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. நெஞ்சுப் படம் அவ்வளவு சின்னது, அதோடு ஒப்பிட்டால் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், சி.ரி. எடுத்த ஏறத்தாழப் பத்து லட்சம் இளம் ஆட்களைப் பார்த்து 2023இல் ஒரு முடிவு வந்தது. இன்றைய வழமையான அளவில் எடுக்கும் பத்தாயிரம் பிள்ளைகளில், அடுத்த 12 வருடத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு அதனால் இரத்தப் புற்றுநோய் வகை வரலாம் என்கிறது. மற்ற ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு அந்தக் காலத்தில் அதனால் அந்த நோய் இல்லை. இதைக் கணக்காகச் சொல்லவில்லை, நித்திரைக்காகச் சொல்கிறேன்.


பௌதிக வாத்தி:

சரி. பிழைதான். அக்கா, இரண்டு பேரிடமும் மன்னிப்பு. வாத்தி வேலை, எண்ணைக் கண்டால் பெருக்கத் தோன்றும்.


இரண்டு பிள்ளைத்தாய்:

பரவாயில்லை அண்ணா. நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதினீர்கள்.

அக்கா, உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? வீட்டில் ஒரு சீடியும் ஒரு பெரிய கறுப்புப் படமும் இருக்கின்றன.


எக்ஸ்றே அக்கா:

இருக்கிறது. சீடியைத் திறந்தால் படங்களின் கடைசியிலோ முதலிலோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பக்கம் வரும். அதில் டி.எல்.பி. என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை, ஸ்கான் முழுவதிலும் இயந்திரம் விட்ட கதிரின் அளவு. அதைத் தாருங்கள்.


இரண்டு பிள்ளைத்தாய்:

தொலைபேசியில் சீடி திறக்காது, வீட்டில் கணினி இல்லை. சந்தியில் உள்ள கொமினிக்கேசனில் பெடியன் இரண்டு தரம் முயன்று திறந்தான். 540 என்று இருக்கிறது.


எக்ஸ்றே அக்கா:

ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்கு 0.004ஆல் பெருக்க வேண்டும். இரண்டு மில்லிசீவேர்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சில் ஒரு வருடத்துக்கும் குறைவு. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல், கதவு யன்னல் திறந்த வீடுகள். கனடாவில் நிலவறைக்குள் இருக்கிற ஸ்காபரோத் தம்பிக்குத்தான், நிலத்தில் இருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் ரேடன் என்ற கதிரியக்க வாயு பற்றிக் கவலை வேண்டும். மற்ற ஸ்கானுக்கும் எண்ணைத் தாருங்கள்.


ஸ்காபரோ குளிர்:

அளந்துவிட்டேன் அக்கா, இங்கே கனமீற்றருக்கு 200 பெக்கரல்தான் அரசு சொல்லும் அளவு, என்னுடையது அதற்குக் கீழே. 🙏


இரண்டு பிள்ளைத்தாய்:

மற்றதுக்கு அந்தக் கறுப்புப் படம் மட்டும்தான் தந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து நாலு பக்கமும் பார்த்தேன். அதில் பெயர், திகதி இருக்கிறது, எண் ஒன்றும் இல்லை.


வேப்பமர நிழல்:

தங்கச்சி, பெயரை மறைத்துவிட்டு அந்தப் படத்தைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? வகுப்பில் 20ஐயும் 1ஐயும் காட்டுவதற்கு முன் அதைத்தான் போடப்போகிறேன். அக்கா, நீங்களும் வர வேண்டும், ஈயத்துண்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.


எக்ஸ்றே அக்கா:

சனிக்கிழமை என்றால் வருவேன். ஞாயிறு எனக்கு டியூட்டி.